பட்டிப்பொலயில் ஒரு கூரை விசிறி

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். அடிக்கணக்கில் சொன்னால் 6,204. அதற்கும் ஓகியவுக்கும் நடுவில் 1,898 மீற்றரில் மலையகப் பாதையின் உச்சிப்புள்ளி இருக்கிறது. அங்கிருந்து தண்டவாளம் பதுளையை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் அம்பேவெலப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளை விரிப்பாகக் கிடப்பதுண்டு. மரக்கறிப் பாத்திகளுக்கு அந்தப் பனி பகைவன். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு நண்பன்.

இந்த ஊருக்கு அருகே பெற்றோருக்காக வீடு கட்டுகிற அன்பர் ஒருவர், கனடாவில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "படுக்கையறைக்கு எந்தக் கூரை விசிறி நல்லது? எத்தனை அங்குலம் வாங்க வேண்டும்?" அவர் பல ஆண்டுகள் கொழும்பில் வேலை பார்த்தவர். கொழும்பில் வீடு என்றால் விளக்குக்கு அடுத்தபடி விசிறிதான். அந்தப் பழக்கம் அவருடன் மலையேறி வந்துவிட்டது. பட்டிப்பொலயின் படுக்கையறைக்குக் கூரை விசிறி வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், தோட்டத்து மக்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்குகிறார்கள், அந்தக் கூரை யாருடையது என்ற இடத்தில் போய் நிற்கிறோம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். கொழும்பின் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். பட்டிப்பொல உயரத்துக்கு அதில் 12 பாகையைக் கழித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 15, 16. ஆண்டின் சராசரி அது. இரவுகளைத் தனியே எடுத்தால் இன்னும் கீழே போகும். இந்தக் குளிரில் விசிறி சுழன்றால் என்ன ஆகும்? விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றை அசைக்கிறது. அசைகிற காற்று நம் தோலின் வியர்வையை உலர்த்துகிறது. அந்த உலர்தலில் உடம்பின் சூடு போகிறது. அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி, தன் மோட்டாரின் சூட்டால் அந்த அறையைச் சற்றே வெப்பமாக்குகிறது என்பதே உண்மை. மறுமுனையிலும் ஓர் எல்லை உண்டு. அறை வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டால் விசிறி உடம்பின் மீது சூட்டைத்தான் வீசும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆக, விசிறி என்பது நடுத்தரமான வெப்பத்துக்கு ஏற்பட்ட கருவி. பட்டிப்பொல அந்த வெப்பத்துக்கு மேலே, முகிலுக்குள் இருக்கிறது.

இதை வெள்ளைக்காரத் துரைமார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். சமவெளியில் இருந்த ஆங்கிலேயன் கூரையிலிருந்து துணிப் பங்காவைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றை இழுக்க ஓர் ஏழையை வாசலில் உட்கார வைத்தான். 1880களில் அமெரிக்காவில், தையல் இயந்திர மோட்டாரிலிருந்து பிலிப் டீல் என்பவர் மின்சாரக் கூரை விசிறியை உருவாக்கிய பிறகு, அந்தக் கயிறு இழுப்பவனுக்கு மெல்ல மெல்ல ஓய்வு கிடைத்தது. மலைநாட்டில் கட்டப்பட்ட தோட்டத்துப் பங்களாக்களில் நீங்கள் பார்ப்பது வேறு ஏற்பாடு: கணப்படுப்பு. விறகு எரியும், புகை, கல்லால் கட்டிய புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே போய்விடும். தலைக்கு மேலே பலகை அடித்த உட்கூரை. அதற்கும் வெளிக்கூரைக்கும் நடுவே காற்றிடைவெளி. அறையின் சூடு அறைக்குள்ளேயே நிற்கும். குளிரை எப்படிச் சமாளிப்பது என்ற அறிவு அந்த மலையில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது என்பதற்கு அந்தப் பங்களாக்கள் சாட்சி.

அதே மலையில், அதே குளிரில், கூப்பிடு தூரத்தில் லயம் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. தலைக்கு மேலே நேராகத் தகரம். உட்கூரை கிடையாது, புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் வெளியேறும். வெளியேறாத மிச்சம் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கும். இரவில் படுத்திருப்பவர்களின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியற்காலையில் கம்பளியின் மேலேயே சொட்டும். மழையில்லாத இரவில் வீட்டுக்குள் மழை. துரைக்குத் தெரிந்திருந்த கட்டடக் கலை தொழிலாளிக்கு மட்டும் மறந்துபோனது எப்படி என்று யாரும் அதிகம் கேட்டதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 6,000 அடி உயரத்தில் குளிரில் நடுங்குகிறவனுக்குக் கட்டிய அதே லயத்தைத்தான் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் றப்பர் தோட்டத்துத் தொழிலாளிக்கும் கட்டினார்கள். அங்கே நண்பகலில் அந்தத் தகரம் அடுப்புச் சட்டி. ஒரே வரைபடம், இரண்டு எதிரெதிர்த் தட்பவெப்பங்கள், இரண்டுக்கும் பொருந்தாது. குடியிருக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்காமல் வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும். பட்டிப்பொலக்காரனுக்கு வேண்டாத கூரை விசிறி, இரத்தினபுரிக்காரனுக்கு ஆடம்பரமல்ல; உறக்கத்துக்கான தேவை.

ஆகவே விசிறி உரிய இடத்துக்கு வருவோம். தாழ்நாட்டுத் தோட்டமானாலும், யாழ்ப்பாணமானாலும், சென்னையானாலும், சிங்கப்பூரானாலும் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான். நம்மவர்கள் விசிறி வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறார்கள், இறக்கையில் உள்ள பூவேலைப்பாட்டைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதலில் அறையை. பத்துக்குப் பத்து அடிப் படுக்கையறைக்கு 42 அங்குல விசிறி போதும். பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் 48 அங்குலம், அதாவது 1,200 மில்லிமீற்றர். அதைவிடப் பெரிய கூடமானால் 56. சின்ன அறையில் பெரிய விசிறியை மாட்டினால் காற்று அதிகம் வரும் என்று நினைப்பது தவறு. இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இல்லாவிட்டால் காற்று சுவரில் முட்டித் திரும்பிச் சத்தம்தான் மிஞ்சும்.

அடுத்தது மின்செலவு. பழைய வகை விசிறி 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். காந்த மோட்டார் வைத்த புதிய வகை, 'பி.எல்.டி.சி.' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள், 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 75 வாட் விசிறி மாதத்துக்கு 18 அலகு தின்னும். 30 வாட் விசிறி 7 அலகு சொச்சம். இந்தியாவில் 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டதால் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. இலங்கையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு அது இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் அலகுகளைப் படி படியாக அடுக்கிக் கட்டணம் போடும் முறை இருக்கிறவரை, ஏழை வீட்டில் 18 அலகு என்பது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடும் எடை. விலை கூடிய விசிறி ஏழைக்குத்தான் அதிகம் பொருந்தும் என்பது கசப்பான கணக்கு. கையில் காசில்லாதவன் மலிந்ததை வாங்கி மாதா மாதம் அபராதம் கட்டுகிறான். தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் தவணை முறையில் கொடுக்க வேண்டிய பொருட்களில் இதையும் சேர்க்கலாம்.

புதிய வகை விசிறிக்குப் பழைய ரெகுலேட்டரைப் பொருத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் வேகக் கட்டுப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் உடனே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கெப்பாசிட்டரில் இருக்கும். அது சின்னப் பொருள், சின்ன விலை. நம் ஊர்களில் அதைக் 'கண்டென்சர்' என்று கேட்டாலும் கடைக்காரர் புரிந்துகொண்டு எடுத்துத் தருவார்.

இனி மாட்டுதல். வாங்குவதில் செய்யும் பிழைக்குப் பணம்தான் போகும். மாட்டுவதில் செய்யும் பிழை உயிரோடு விளையாடும். தமிழ்நாட்டில் கொங்கிறீற்றுத் தளம் போடும்போதே விசிறிக்கான பெட்டியும் கொக்கியும் கம்பியோடு கட்டிப் புதைத்துவிடுகிறார்கள். இலங்கையின் வீடுகளில் நிலைமை வேறு. மேலே ஓடோ தகடோ இருக்கும். கீழே அழகுக்காக ஓர் உட்கூரை அடித்திருப்பார்கள். அந்த உட்கூரைச் சட்டம் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளத்தான் போதுமானது. அதில் திருகாணி போட்டு விசிறியைத் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விசிறியின் எடை நாலைந்து கிலோதான் என்று வாதிப்பார்கள். நிற்கிற எடை வேறு, ஆண்டுக்கணக்கில் சுழன்று ஆடி இழுக்கிற எடை வேறு. கொக்கி, உட்கூரையைக் கடந்து மேலே உள்ள குறுக்கு உத்தரத்தில் ஏற வேண்டும். உத்தரத்தைத் துளைத்து மறுபக்கம் தகட்டு வளையமும் சுரையும் போட்டு இறுக்க வேண்டும். கொக்கியில் ஓர் ஆள் தொங்கிப் பார்த்தாலும் அசையக் கூடாது என்பது என் கணக்கு. உத்தரம் உளுத்திருக்கிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்று குத்திப் பார்க்காமல் எந்தக் கொக்கியும் வேண்டாம்.

இறக்கை தரையிலிருந்து குறைந்தது ஏழு அடி உயரத்தில் சுழல வேண்டும். எட்டு, ஒன்பது அடி என்றால் உத்தமம். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். அங்கே நீண்ட தொங்கு குழாய் வாங்கி விசிறியைக் கீழே இறக்காவிட்டால் காற்று மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தாழ்ந்த அறையில் இதற்கு மாறாகக் குழாயைக் குறைக்கத் தோன்றும். ஆனால் இறக்கைக்கும் கூரைக்கும் நடுவில் எட்டு அங்குலமாவது வேண்டும், இல்லாவிட்டால் விசிறிக்கு மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காது. இரண்டு அளவையும் ஒருசேரத் தர முடியாத அறையில் கூரை விசிறியே கூடாது. சுவர் விசிறி போதும். கொழும்பில் கடைகளின் மேல்தட்டுகளிலும் பலகை அடித்த வாடகை அறைகளிலும் படுத்து எழும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். சட்டையைக் கழற்றக் கையை உயர்த்தினால் இறக்கையில் படும் அறைகள் அவை. இரண்டு தட்டுக் கட்டில் போட்ட அறையிலும் இதே எச்சரிக்கைதான்.

தொங்கு குழாயைப் பூட்டும் ஆணிக்கு ஒரு பிளவு ஊசி தருவார்கள். அதைச் செருகி, இரண்டு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். அவசரத்தில் செருகியதோடு விட்டுவிடுவார்கள். ஆட்ட ஆட்ட ஆணி கழன்று வரும். மூன்று இறக்கைகளும் ஒரே பெட்டியில் வந்தவையாக இருக்க வேண்டும். எடை பார்த்துச் சோடி சேர்த்தவை அவை. வேறு விசிறியின் இறக்கையை எடுத்து மாட்டினால் ஆடும். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு இறக்கை நுனியும் கூரையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளவுகோலால் பாருங்கள். புதிய விசிறிகளோடு வரும் பாதுகாப்புக் கம்பிவடத்தை வேண்டாத பொருள் என்று எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. கொக்கி கைவிட்டால் பிடித்துக்கொள்வது அதுதான்.

மின்கம்பி மூன்று வரும். பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலக்கம்பி. 'இது இல்லாமலும் ஓடும்' என்று அதை வெட்டிச் சுருட்டி மேலே திணித்துவிடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். ஓடும்தான். மோட்டார் உறைக்கு மின்சாரம் கசியும் நாளில், தூசி துடைக்கக் கை வைத்தவருக்குத்தான் அது எதற்கு இருந்தது என்று தெரியும். முன்பகுதியில் ட்றிப் சுவிட்ச் இருக்கிற வீட்டில்கூட நிலக்கம்பியை விடக் கூடாது. சுவிட்ச், உயிர்க்கம்பியில் அமைய வேண்டும். விளக்கை விசிறிக்கு மேலே வைக்காதீர்கள். இறக்கையின் நிழல் சுவரெல்லாம் வெட்டி வெட்டி ஓடி, படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி கொடுக்கும்.

மின்சாரம் பற்றிச் சொன்னதால், பத்திரிகை மேசையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மலையகத்திலிருந்து வரும் செய்திகளில் அச்சு வார்த்தது போல ஒன்று திரும்பத் திரும்ப வரும். தோட்டத்தின் பெயரும், எரிந்த வீடுகளின் எண்ணிக்கையும் மாறும். மற்ற வாசகங்கள் மாறுவதில்லை. லயன் குடியிருப்பில் தீ. இத்தனை வீடுகள் முற்றாக எரிந்தன. மின்னொழுக்கே காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் தோட்டப் பாடசாலையில் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டுள்ளனர். நாலு வரி, ஆறு வரி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் புத்தகம், சீட்டுக்காசு, திருமணத்துக்கு வாங்கி வைத்த புடைவை எல்லாம் அந்த நாலு வரிக்குள் எரிந்து முடிந்துவிடும். 'தற்காலிகமாக' என்ற சொல் எத்தனை மாதம் நீடித்தது என்று அடுத்த செய்தி வருவதில்லை.

ஒரு காம்பராவில் பற்றுவது ஏன் முழு வரிசையையும் தின்கிறது? பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரை முகடு வரை எழும்புவதில்லை. முகட்டு மரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சியாக ஓடும். புகை ஏறிக் கறுத்து, நூறாண்டு காய்ந்த மரம். மின்சாரம் அந்தக் கட்டடத்துக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளி. ஒரு விளக்கை நினைத்து இழுத்த கம்பியில் தொலைக்காட்சி ஏறியது, குளிர்சாதனப் பெட்டி ஏறியது, சோறு சமைக்கும் குக்கர் ஏறியது, தாழ்நாட்டில் விசிறியும் ஏறியது. அடுத்த காம்பராவின் இணைப்பிலிருந்து கம்பி இழுத்துக்கொள்வதும் உண்டு. விசிறி மட்டும் தனியே தீ வைப்பதில்லை என்பது சரி. ஆனால் அது இரவு முழுதும், எல்லாரும் உறங்கும்போது ஓடுகிற கருவி. மெலிந்த கம்பியில் நாடா சுற்றிய இணைப்பு சூடேறுவதும் அந்த நேரத்தில்தான். விசிறி வாங்கப் போகிறவர், வாங்குவதற்கு முன் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கம்பிக்கும் ட்றிப் சுவிட்சுக்கும் செலவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இங்கேதான் தடை வருகிறது. லயத்துச் சுவரில் தொழிலாளிக்கு உரிமை இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் குத்தகையாகப் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு; நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவனுக்குக் குடியிருப்பு மட்டும். ஒரு சன்னல் வெட்ட வேண்டுமானாலும், ஓர் அறை இறக்க வேண்டுமானாலும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் தோட்டங்களில் மேசை விசிறியைப் பார்க்கிற அளவுக்குக் கூரை விசிறியைப் பார்க்க முடிவதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேசை விசிறி குடியிருப்பவனுடையது. போகச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம். கூரை விசிறி கட்டடத்தோடு சேர்ந்தது; கூரை தன்னுடையது என்று நம்புகிறவன் மட்டுமே அதில் துளை போடுவான்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. தூக்கிக்கொண்டு போகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் மலை உச்சிக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏராளம். இராமநாதபுரத்து வெயில் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தவர்களுக்குப் பழகிய குளிராவது கிடைத்தது. சமவெளிகளில் விடப்பட்டவர்கள், கம்பளியை மடித்து வைத்துவிட்டு விசிறியின் கீழ் வாழப் பழகிக்கொண்டார்கள்.

இப்போது நிலைமை சற்று மாறி வருகிறது, மிக மெதுவாக. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது கொள்கையாக ஏற்கப்பட்டது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு 550 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடி நிலம். தேவையோடு ஒப்பிட்டால் இவை சொற்பம். காணி உறுதி கையில் கிடைக்காத குறையும் பல இடங்களில் பேசப்படுகிறது. என் கேள்வி வேறு. இந்த வீடுகளாவது மலைக்கு ஒரு மாதிரி, தாழ்நாட்டுக்கு ஒரு மாதிரி என்று வரையப்படுகின்றனவா? நுவரெலியாவின் உயரத்தில் கட்டும் வீட்டுக்கு உட்கூரையும் புகைபோக்கியும் கட்டாயம் என்று எழுத வேண்டும். இரத்தினபுரியில் கட்டும் வீட்டுக்கு உயர்ந்த கூரையும், உத்தரத்தில் விசிறிக் கொக்கியும், நிலக்கம்பியோடு மின்னிணைப்பும் கட்டாயம் என்று எழுத வேண்டும். எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் திறப்புவிழா நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்க மலையகத் தலைவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

கனடாவில் இருக்கும் அன்பருக்கு அங்கே அவர் வீட்டு விசிறியிலேயே ஒரு சிறு சுவிட்ச் இருப்பது தெரிந்திருக்கும். குளிர்காலத்தில் அதைத் தள்ளிவிட்டால் இறக்கை எதிர்த்திசையில் மெதுவாகச் சுழன்று, கூரையோரம் தேங்கிய சூட்டைச் சுவர் வழியே கீழே இறக்கும். அப்படியானால் பட்டிப்பொலக்கும் அதே விசிறி ஆகாதா என்று கேட்கலாம். வீட்டுக்குள் வெப்பமூட்டி இருந்தால் ஆகும். சூடே இல்லாத அறையில் எதை இறக்குவது?

பட்டிப்பொலக்கு வேண்டிய விசிறி ஒன்று இருக்கிறது. அது படுக்கையறைக் கூரையில் தொங்குவதல்ல. அடுக்களைச் சுவரின் உச்சியில், புகையை வெளியே தள்ளுவது. எட்டு அங்குலம் போதும். 30, 40 வாட்டுக்குள் முடிந்துவிடும். சமைக்கிற நேரம் மட்டும் ஓடினால் மாதத்துக்கு ஓரிரண்டு அலகு. வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 2020இல் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கொழுந்து பறித்துவிட்டு வந்து விறகடுப்பின் முன் குந்தியிருக்கிற அம்மாவுக்கு, மகன் அனுப்பும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு இந்த விசிறியைப் போட்டால் அது இழுக்கக் காற்று இல்லாமல் திணறும். எதிர்ச்சுவரின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் திறப்பு வேண்டும். விறகடுப்பு தொடரும் வீடென்றால் விசிறிக்கும் முந்தி அடுப்புக்கு மேல் ஒரு புகைபோக்கி கட்ட வேண்டும். விசிறி அதற்குத் துணைதான்.

படுக்கையறைக்கு ஒதுக்கிய விசிறிப் பணம் அப்படியே உட்கூரைக்குப் போகட்டும். தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே ஓரடி இடைவெளி விட்டால் போதும். இரவில் சொட்டும் நீர் நின்றுவிடும், அறையின் சூடும் ஓரளவு நிற்கும். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சன்னல், அதற்கு மேலே எப்போதும் திறந்திருக்கும் சிறு காற்றுத் துளை; துணிமணியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அது வேண்டும். குளிருக்குப் பயந்து அந்தத் துளையில் துணியை அடைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். உட்கூரை ஒழுங்காக இருந்தால் அடைக்கத் தோன்றாது.

உட்கூரைக்கு மேலே கைமரங்களை இணைக்கும் குறுக்கு உத்தரம் ஒன்றை மட்டும் தச்சரிடம் சொல்லிக் கனமாகப் போடச் சொல்லுங்கள் என்று அன்பருக்கு எழுதியிருக்கிறேன். பெற்றோருக்கு அது தேவைப்படாது. வெப்பம் கூடிவரும் இந்தக் காலத்தில், இன்னும் ஐம்பது ஆண்டுக்குப் பின் அந்த அறையில் உறங்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்துவிட முடியாது. நல்ல மரமாகப் போட்டால் கூடுதல் செலவு ஒரு விசிறியின் விலைக்குள் அடங்கிவிடும்.